பேத்தியின் பால் பற்கள்

பெங்களூர் ஜீவனஹள்ளியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலை மட்டும் ஊரறிய எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருக்கிற பிரச்சினை உங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் இருக்கும். அவர்களுக்கு எழுதிக் கேட்கத் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்காக. பேத்திக்கு நான்கு வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து, விளிம்பு உதிர்ந்து, கட்டையாகி நிற்கின்றன. கடைவாயில் இரண்டு பற்களில் குழி. இராத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழுகிறாள். ஒரு கிளினிக்கில் காட்டினால், பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று வலி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கிளினிக்கில் எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு தொகை சொன்னார்கள். அது வீட்டு வேலைக்குப் போகிற உங்கள் மருமகளின் மாதச் சம்பளத்துக்கும் மேல். விழப்போகிற பல்லுக்கு இத்தனை செலவு அவசியமா என்பது உங்கள் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. பல் மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த பதில் இது: அவ்வளவு செலவு தேவையில்லாமலும் போகலாம். ஆனால் இப்படியே விட்டுவிடக் கூடாது.

விழப்போகிற பல் என்பது உண்மை. எப்போது விழும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. குழந்தைக்குப் பால் பற்கள் மொத்தம் இருபது. ஆறு மாதத்தை ஒட்டி முளைக்கத் தொடங்கி, இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். மேல்வரிசை நடுப்பற்கள் விழ ஏழு வயது ஆகும். கடைவாய்ப் பால் பற்கள் பத்திலிருந்து பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. உங்கள் பேத்திக்கு இப்போது நான்கு. அந்தக் குழி விழுந்த கடைவாய்ப் பற்களோடு அவள் இன்னும் ஆறேழு வருஷம் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். நமக்கு ஆறேழு நாள் பல்வலி வந்தால் என்ன பாடு படுவோம்!

பால் பல்லுக்கு மெல்லுவதைத் தவிர வேறு வேலையும் உண்டு. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதுபோலக் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுதான். கடைவாய்ப் பால் பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். வர வேண்டிய பல் கோணலாக வரும். பிறகு கம்பி கட்ட வேண்டும், அந்தச் செலவு எவ்வளவு என்று குக் டவுனில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். சொத்தை ஆழமாகி வேரில் சீழ் பிடித்தால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் மேல்பூச்சான எனாமலையும் அது கெடுக்கலாம். வலிக்குப் பயந்து குழந்தை ஒரு பக்கமாகவே மெல்லும், இல்லாவிட்டால் மெல்லாமல் விழுங்கக்கூடியதை மட்டும் கேட்கும். எடை ஏறாது. தூக்கம் கெட்டால் பள்ளியில் பாடம் ஏறாது. டீச்சர் மந்தம் என்பார். இதெல்லாம் பல்லிலிருந்து தொடங்கியது என்று யாருக்கும் தோன்றாது.

மேல்வரிசை முன்பற்கள் மட்டும் ஏன் இப்படி, கீழ்வரிசை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மருமகள் விடிகாலையில் வேலைக்குக் கிளம்புவதால், இரண்டரை வயதுவரை சர்க்கரை போட்ட பாலை நிப்பிள் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தே தூங்கவைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டில் சப்பும்போது நாக்கு முன்னால் வந்து கீழ்ப் பற்களை மூடிக்கொள்ளும். எச்சில் ஊறும் இடமும் அங்கேதான். மேல் முன்பற்களுக்கு இரண்டு பாதுகாப்பும் இல்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் குறைந்துவிடும். ஆக, இனிப்புப் பால் இரவு முழுக்க அந்த நான்கு பற்களைச் சுற்றியே தேங்கி நிற்கும். உலகத்தில் எந்த ஊரில் பார்த்தாலும் பாட்டில் சொத்தை இதே நான்கு பற்களில்தான் தொடங்குகிறது. பார்த்ததுமே மருத்துவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்காக உங்களையோ மருமகளையோ நொந்துகொள்ள வேண்டாம். பாட்டிலில் பால் கொடுக்காமல் இருக்க, காலை ஆறு மணிக்கு வீட்டில் ஒரு தாய் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் வேறொரு வீட்டுச் சமையலறையில் நிற்கிறாள்.

பூச்சி அரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்பார்கள், இங்கே அந்த விதை கிடைக்குமா என்றும் விசாரித்திருந்தீர்கள். புகையில் விழுவது விதையிலிருந்து வருகிற துணுக்குதான் அம்மா, பல்லில் புழு கிடையாது. நான்கு வயதுக் குழந்தையின் வாயில் சூடான புகையைப் பிடிக்கவே வேண்டாம். ஆனாலும் பூச்சி என்று சொன்ன முன்னோர் முழுக்கத் தவறிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. நாம் சாப்பிடுகிற சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றுவது அதன் பிழைப்பு. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பால் பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலில் ஏறத்தாழ பாதி தடிமன்தான் இருக்கும். அதனால்தான் பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆகிற சேதம் குழந்தைக்குச் சில மாதங்களில் ஆகிவிடுகிறது. இந்தக் கிருமி குழந்தையோடு பிறப்பதில்லை. பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் எச்சிலிலிருந்து, ஒரே ஸ்பூனில் ருசி பார்த்து ஊட்டும்போது போய்ச் சேர்கிறது. வீட்டில் பெரியவர்களின் சொத்தைப் பல்லையும் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். பேத்தியின் ஒரு நாளை நீங்களே விவரமாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் டீயில் தொட்டு வர்க்கி. பத்து மணிக்கு பிஸ்கட். அங்கன்வாடி விட்டு வரும் வழியில் காண்டிமெண்ட்ஸ் கடையில் ஐந்து ரூபாய்க்கு ஏதாவது ஒரு பாக்கெட். மத்தியானம் சோறு. தூங்கி எழுந்ததும் அழாமல் இருக்க லாலிபாப். சாயங்காலம் மறுபடி டீ, பன். அவள் சாப்பிடுகிற சர்க்கரை மொத்தமாகப் பார்த்தால் ஒரு கல்யாண விருந்தில் ஒரு பிள்ளை தின்பதைவிட அதிகமில்லை. ஆனால் அது நாள் முழுக்கப் பிரிந்து பிரிந்து போகிறது. ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் அமிலம் ஊறி அடங்க அரைமணி நேரம்வரை ஆகும். அதன் பிறகுதான் எச்சில், கரைந்த சத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கும். அது தொடங்கும்போதே அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் பல்லுக்கு மீள நேரமே கிடைக்காது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். இனிப்பை முழுக்க நிறுத்தச் சொன்னால் நடக்கப் போவதில்லை, பாட்டி வீட்டில் அது சட்டமாகவும் ஆகாது. கொடுப்பதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இடையில் பசித்தால் வாழைப்பழம், உருண்டையாக இல்லாமல் வெறுமனே வேகவைத்த வேர்க்கடலை, முட்டை, ஒரு கை பொரி. வேர்க்கடலையை நன்றாக மசித்துக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். இராத்திரி பல் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். இருமல் சிரப்பிலும் சர்க்கரை இருக்கும். அதைக் கொடுத்தால் பின்னாலேயே தண்ணீர் கொடுங்கள்.

ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துத் தெருக்களில் ஐந்து ரூபாய்க்கு ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்த வேறென்ன கிடைக்கிறது? ஒரு ஆரஞ்சு கிடைக்காது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தை அதிகம் என்றதும் அம்மாவுக்கு அறிவு போதாது என்று பாடம் எடுக்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருநாள் அந்தக் கடை வாசலில் ஐந்து ரூபாயோடு நின்று பார்க்கட்டும்.

இப்போது உங்கள் பல்லுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நீங்கள் பென்னாகரம் பக்கம் பிறந்தவர், பல் முழுக்கக் காவிக்கறை, கல்யாணத்தின்போது வாயை மூடிக்கொண்டு சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த வயதுவரை ஒரு சொத்தை இல்லை, பல்வலி என்று படுத்ததில்லை. பெங்களூரில் பிறந்த பேத்திக்கு முத்துப் போல முளைத்த பல் மூன்று வயதில் கறுத்துப் போனது. இது என்ன கணக்கு என்று கேட்டிருந்தீர்கள்.

இதே புதிரில்தான் ஒரு அமெரிக்கப் பல் மருத்துவரும் சிக்கினார். பிரெடரிக் மெக்கே என்பவர் 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குத் தொழில் செய்யப் போனார். ஊர்ப் பிள்ளைகளின் பல்லெல்லாம் உங்கள் பல்லைப் போலவே காவி. ஆனால் சொத்தை ஆச்சரியப்படும்படி குறைவு. காரணம் தண்ணீரில் இருக்கிறது என்று ஊகித்தாரே தவிர, என்ன பொருள் என்று கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆயிற்று. 1931-இல்தான் அது ஃபுளோரைடு என்று தெரிந்தது. அளவு மிஞ்சினால் பல்லைக் கறையாக்கும், இன்னும் மிஞ்சினால் எலும்பை வளைக்கும். சிறு அளவில் இருந்தால் எனாமலைக் கெட்டியாக்கி அமிலத்தைத் தாங்கவைக்கும். 1945-இல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் அளந்து ஃபுளோரைடு கலந்தது.

தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் இயற்கையாகவே ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. அதைத் தாண்டிய ஊர்கள் அங்கே ஏராளம். உங்கள் பல்லைக் காத்ததும் கறையாக்கியதும் அந்தத் தண்ணீர்தான். சொத்தை வராமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் சின்ன வயதில் களியும் கூழும் இருந்தன, பேக்கரி இல்லை. ஆனால் பழைய தண்ணீரே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அதே தண்ணீரைக் குடித்து முதுகும் முழங்காலும் மடக்க முடியாமல் போனவர்களை உங்கள் ஊரில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அந்தத் திட்டத்தை எதிர்த்து இங்கே பெங்களூரில் நடந்த ரகளையும், தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளின் எலும்பைக் காக்கிற தண்ணீருக்கு அத்தனை சண்டை! ஜப்பான் நிதியுதவியோடு 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. இன்று உங்கள் தம்பி வீட்டுப் பிள்ளைகள் தருமபுரியில் குடிப்பதும், பேத்தி ஜீவனஹள்ளிக் குழாயில் குடிப்பதும் ஒரே காவிரி. அதில் ஃபுளோரைடு குறைவு. காயின் போட்டுப் பிடிக்கிற ஆர்ஓ தண்ணீரானால் இருக்கிற கொஞ்சமும் வடிகட்டப்பட்டுவிடும். எலும்புக்கு நிம்மதி, ஆனால் பல்லுக்குத் தண்ணீரிலிருந்து கிடைத்துவந்த காவல் போய்விட்டது. அந்தக் காவலை வேறு வழியில் கொடுக்க வேண்டும்.

அந்த வழி மிகச் சாதாரணமானது. ஃபுளோரைடு பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில்தான் வேலை செய்கிறது, குடிக்கத் தேவையில்லை, பூசினால் போதும். டூத் பேஸ்ட்டை வாங்கும்போது டியூபின் மேல் ஃபுளோரைடு என்று எழுதியிருக்கிறதா, எத்தனை பிபிஎம் என்று மருமகளைப் படிக்கச் சொல்லுங்கள். 1000 பிபிஎம் உள்ளது வேண்டும். நம் நாட்டில் பேஸ்ட்டுக்கு அனுமதித்த உச்ச அளவும் அதுதான். மூலிகை என்று விற்கிற பல பேஸ்ட்டுகளில் இது இல்லவே இல்லை. பொம்மை படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் பாதி அளவுதான், சிலவற்றில் அதுவும் கிடையாது. இரண்டு மடங்கு விலை கொடுத்து இல்லாத காவலை வாங்குகிறோம். பெரியவர்களின் சாதாரண பேஸ்ட்டே போதும், அளவில்தான் கவனம். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, மூன்றுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருட்டிப் போடுகிறார்களே, அது பேஸ்ட் கம்பெனிக்கு நல்லது. குழந்தை தினமும் அதிகம் விழுங்கினால், அடியில் உருவாகும் நிலைப்பற்களில் உங்கள் கறை திரும்ப வரும்.

காலையில் ஒரு தடவை, இராத்திரி தூங்கப் போகும் முன் ஒரு தடவை. இரண்டில் இராத்திரிதான் முக்கியம், நம் வீடுகளில் விட்டுப்போவதும் அதுதான். நுரையைத் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள், கொப்பளித்தால் மருந்து கழுவிப் போய்விடும். நீங்கள் தேய்த்துவிட வேண்டும். ஏழு வயதுவரை பிள்ளைகளுக்குக் கை அவ்வளவு நேர்த்தியாகத் திரும்பாது. மடியில் தலையைச் சாய்த்துப் படுக்கவைத்துத் தேய்த்தால் கடைவாய் நன்றாகத் தெரியும். செங்கல் தூள், கரி, சாம்பல் கலந்த பல்பொடி எதுவும் வேண்டாம். அவை எனாமலைத் தேய்த்துவிடும்.

ஏற்கெனவே வந்த சொத்தைக்கு என்ன செய்வது? குக் டவுன் கிளைன் ரோட்டில் எம்.ஆர். அம்பேத்கர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே போகலாம். கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள், நேரம் கொஞ்சம் கூடுதலாகும், கட்டணம் தனியார் கிளினிக்கைவிடக் குறைவாக இருக்கும். குழந்தைகள் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள். விக்டோரியா ஆஸ்பத்திரி பக்கத்தில் கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு, 1958-இல் தொடங்கியது.

அங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: சில்வர் டையமின் ஃபுளோரைடு போட முடியுமா? இது ஒரு திரவம். சொத்தையின் மேல் தடவினால் கிருமியைக் கொன்று, இளகிய பல்லை இறுகச் செய்து, சொத்தையை அப்படியே நிறுத்திவைக்கும். ஊசி கிடையாது, டிரில் கிடையாது, சில நிமிஷ வேலை. ஜப்பானில் 1970 வாக்கிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஃபுளோரைடு பேஸ்ட்டும், டிரில் இல்லாமல் குழியை அடைக்கப் பயன்படும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டும் அதே வருஷம் அந்தப் பட்டியலில் ஏறின. ஒரு குறை உண்டு. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். ஏற்கெனவே கறுத்த பல், போகட்டும் என்று நான் சொல்லலாம், பெண் குழந்தை என்று நீங்கள் தயங்கலாம். கடைவாய்க்கு அதைப் போட்டுவிட்டு, முன்பற்களுக்கு வேறு வழி கேட்கலாம். கடைவாய்ப் பல்லில் குழி பெரிதென்றால் ஸ்டீல் தொப்பி ஒன்று மாட்டுவார்கள். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், பால் பல்லை ராவாமலே இந்தத் தொப்பியை அப்படியே மாட்டினார், நன்றாக வேலை செய்தது. இப்போது அந்த முறைக்கு அவர் பெயர்தான். ஆனால் பேத்தி இராத்திரியில் எழுந்து அழுகிறாள் என்கிறீர்கள். வலி தானாக வருகிறதென்றால் சொத்தை நரம்புவரை போயிருக்கலாம். அப்படியானால் மேலே தடவுவது போதாது, வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ தேவைப்படலாம். எடுத்தால், இடத்தைக் காக்கிற சின்னக் கம்பியைப் பற்றிக் கேளுங்கள். ஆகவே இந்த வாரமே போங்கள்.

கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்க முடியாவிட்டால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றே பவுரிங் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கன்னத்தில் சூட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் தவறிப்போவது இதுதான். ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நாலு மூலையிலும் நாலு பெரிய பற்கள் முளைக்கும். அவற்றுக்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் வீட்டில் எல்லோரும் இதுவும் பால் பல் என்று நினைத்துக்கொள்வார்கள். அவை ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பற்கள். வாயிலேயே மிக அதிகமாக வேலை செய்யப் போகிறவை அவைதான். சொத்தைப் பற்கள் நிறைந்த வாயில் முளைப்பதால் அவைதான் சீக்கிரம் கெடுகின்றன. பேத்திக்கு ஐந்தரை வயதானதும் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். முளைத்ததும் கல்லூரியில் காட்டி, மேலே உள்ள பள்ளங்களை அடைத்து சீலண்ட் போடச் சொல்லுங்கள்.

இனி கொஞ்சம் பெரிய இடத்துக் கதை. இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03-இல் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. உலகம் முழுக்கப் பால் பல் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் 51 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் முந்நூறுக்கும் மேல், அவை மிகுதியாக உள்ள மாநிலங்களில் கர்நாடகம் ஒன்று. பல் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை, பலர் வேலை தேடித் திரிகிறார்கள். கர்நாடக அரசுக்குப் பல்லைப் பற்றி அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. தந்த பாக்கிய என்று ஒரு திட்டம் உண்டு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு இலவசப் பல்செட். நல்ல திட்டம், உங்கள் கணவருக்குத் தேவைப்பட்டால் விசாரியுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லாப் பல்லும் போன பிறகு செட் கட்டித் தர ஒரு திட்டம் இருக்கிறது. முதல் பல் கெடாமல் இருக்க தினமும் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் கொடுக்கத் திட்டம் இல்லை. வலி மருந்து எழுதிய அந்த கிளினிக் நினைத்ததைத்தான் அரசாங்கமும் நினைக்கிறது.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தை ஆர்பிஎஸ்கே என்பார்கள். அதன் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் பல்லும் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது பேத்தியின் வாயைத் திறந்து காட்டி, மேல் சிகிச்சைக்குச் சீட்டு கேளுங்கள். உங்கள் உரிமை அது.

ஆனால் பரிசோதனை சொத்தையைக் கண்டுபிடிக்குமே தவிரத் தடுக்காது. ஸ்காட்லாந்தில் 2003-இல் தொடக்கப் பள்ளியில் சேரும் பிள்ளைகளில் 45 விழுக்காட்டினருக்குத்தான் வெளிப்படையாகத் தெரியும் சொத்தை இல்லாமல் இருந்தது. 2018-இல் அது 71 ஆயிற்று. இடையில் அவர்கள் செய்தவற்றில் முக்கியமானது, நர்சரிகளில் பிள்ளைகளை உட்காரவைத்து ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு தினமும் பல் துலக்கவைத்தது. பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்பீர்கள். பிலிப்பைன்ஸ் பணக்கார நாடு இல்லை. அங்கே அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவி, பல் துலக்கும் திட்டம் பல வருஷங்களாக நடக்கிறது. நடத்துவது டாக்டர்கள் இல்லை, டீச்சர்கள்தான்.

ஒரு பட்டாணி பேஸ்ட் என்பது கால் கிராம். இருபது பிள்ளைகள் வருகிற அங்கன்வாடிக்கு நூறு கிராம் டியூப் இருபது நாள் வரும். பேர் எழுதிய பிரஷ் ஆளுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது. ஒரு தண்ணீர்க் குடம், ஒரு வாளி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நிமிஷம். ஏற்கெனவே எடை பார்க்கவும், ரிஜிஸ்டர் எழுதவும், தேர்தல் வேலைக்கு ஓடவும் நேரம் போதாத அங்கன்வாடி டீச்சர் தலையில் இதையும் கட்டுவதா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அதனால் தாய்மாரும் பாட்டிமாரும் முறை வைத்துப் போய் நிற்கலாம். பேஸ்ட்டும் பிரஷும் அரசு கொடுக்கட்டும். மேற்பார்வைக்குப் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து மாணவர்களை அனுப்பட்டும். சமூகப் பல் மருத்துவம் என்று ஒரு துறையே அவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் பால விகாஸ் சமிதி என்று பெற்றோர் குழு இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று டீச்சரைக் கேளுங்கள். பேத்தியைக் கல்லூரியில் காட்டிவிட்டு, அங்கே கொடுத்த சீட்டோடு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு தினமும் பிரஷும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மருமகளுக்குக் கன்னடம் நன்றாக எழுத வரும் என்று சொல்லியிருந்தீர்கள், மனுவை அவளை எழுதச் சொல்லுங்கள். தெருவில் உள்ள மற்ற அம்மாக்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பவன்